பன்னிரண்டு அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல்: வாங்கிப் பழக்கிய பின் ஒரு மதிப்பீடு

தோசைக்கல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் கருத்துச் சொல்லாதவர் எவரும் இல்லை. புதுக்கல்லில் முதல் தோசை வரவே வராது என்பார் ஒருவர். அரை வெங்காயத்தைத் தேய்த்தால் எந்தக் கல்லிலும் வரும் என்பார் இன்னொருவர். சப்பாத்தி போட்ட கல்லில் மறுநாள் தோசை வார்க்கக் கூடாது என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். பாத்திரக்கடையில் நிறுவனப் பெயர் எதுவும் பொறிக்கப்படாமல் எடைபோட்டு விற்கப்படும் சாதாரண வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்றை வாங்கிப் பழக்கி, அன்றாடம் புழங்கிய பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மேற்சொன்ன கருத்துகளையும் அந்தக் கல்லிலேயே உரசிப் பார்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாரத்தில் மூன்று நான்கு நாள் தோசை வார்க்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல கல் இல்லை; மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வார்க்கிற வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வேறுபாடு ஏன் என்பதுதான் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி.

கல்லை ஈரோட்டில் ஒரு பழைய பாத்திரக்கடையில் வாங்கினேன். விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். பன்னிரண்டு அங்குல விட்டம், தட்டையான அடிப்பாகம், விரற்கடை உயரம்கூட இல்லாத விளிம்பு, கல்லோடு சேர்த்தே வார்க்கப்பட்ட இரண்டு காதுகள். இவ்வகைக் கற்களில் பெரும்பாலானவை கோயம்புத்தூர் வட்டாரத்து வார்ப்பாலைகளிலிருந்து வருகின்றன என்றார் கடைக்காரர். அங்கே பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் உறுப்பு வார்க்கும் தொழில் நீண்ட காலமாக வேரூன்றியிருப்பதால் அதில் வியப்பில்லை. மணல் அச்சில், ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய இரும்பை ஊற்றி ஆறவைத்து, பிறகு மேற்பரப்பைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றிச் சீவுகிறார்கள். கல்லின் முகத்தில் தெரியும் மெல்லிய வட்ட வரிகள் அந்தக் கடைசலின் தடங்கள். விலை குறைந்த கற்களில் இந்தச் சீவும் வேலையைச் செய்வதில்லை. மணலின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். அத்தகைய கல்லும் காலப்போக்கில் படியும் என்றாலும், அதற்கு எடுக்கும் பொறுமை பல மடங்கு. வரி மிக நெருக்கமாக, விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு இருக்கும் கல்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தோசைக்கல்லில் முதன்மையான தரம் தடிமன்தான். கடையில் எவரும் அளவுகோல் வைத்து அளந்து காட்டுவதில்லை; ஆனால் எடைபோட்டுக் காட்டுவார்கள். எடையிலிருந்து தடிமனைக் கணக்கிடுவது எளிது. வார்ப்பிரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.2 கிராம். அப்படியானால் பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு தகடு 5 மில்லிமீட்டர் தடிமனோடு இருந்தால், காதுகளும் விளிம்பும் நீங்கலாக 2.6 கிலோ எடை வரவேண்டும். பத்து அங்குலக் கல்லுக்கு இதே தடிமனில் 1.8 கிலோ. தராசில் பன்னிரண்டு அங்குலக் கல் இரண்டு கிலோவையே எட்டவில்லை என்றால், அது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான கல். அதை வாங்க வேண்டாம். நான் வாங்கியது காதுகளோடு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

எடை பார்த்த பின் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. கடைக்காரர் கல்லை ஒரு காதில் பிடித்துத் தொங்கவிட்டு, "கரண்டிக் காம்பால தட்டிப் பாருங்க, சத்தம் கணீர்னு நின்னு வரணும்" என்றார். வார்ப்பிரும்பில் கார்பன் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் அது கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. போக்குவரத்தில் மோதி மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒலியில் தெரிந்துவிடும். விரிசல் உள்ள கல் சொத்தென்று ஒலிக்கும். பிறகு கல்லைக் கண்ணாடி மேசை போன்ற ஒரு சமதளத்தில் வைத்து ஓரங்களை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆடினால் அடுப்பிலும் ஆடும். மாவு ஒரு பக்கமாக ஓடும்.

இனி, எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். கடையில் "பழக்கிய கல், நேராக அடுப்பில் வைத்துத் தோசை வார்க்கலாம்" என்று சொல்லித்தான் தந்தார்கள். அது உண்மையில்லை. கல்லின் மேல் இருந்தது துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தடவிய எந்திர எண்ணெயும் அதில் ஒட்டிய இரும்புத்தூளும்தான். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுத்தது. பழக்கியது என்று சொல்லப்படும் எந்தக் கல்லையும் முதலில் இந்தத் துணிச் சோதனைக்கு உட்படுத்துவது நல்லது. கறுத்த எண்ணெய்ப் பிசுபிசுப்பு வந்தால், பாத்திரம் தேய்க்கும் சவர்க்காரமும் தேங்காய் நாரும் கொண்டு வெந்நீரில் நன்றாகத் தேய்த்து, அது முழுவதும் போகும் வரை கழுவிவிட வேண்டும். வண்ணப் பூச்சுப் போல மினுமினுப்பாகக் கறுப்பு ஏற்றிய கற்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கடைக்காரரால் விளக்க முடியவில்லை என்றால் அந்தக் கல்லை விட்டுவிடுவதே சரி.

கழுவிய கல்லை நம் வீடுகளில் அரிசி களைந்த நீரிலோ வடித்த கஞ்சியிலோ ஊறவைப்பது வழக்கம். நாளுக்கொரு முறை நீரை மாற்றித் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்த பிறகுதான் எண்ணெய் தடவுவார்கள். இந்த வழக்கத்தில் பொருள் இருக்கிறது. கஞ்சி நீர் ஓரிரவில் புளிக்கத் தொடங்கும். அந்த மெல்லிய புளிப்பு, கடைசல் வரிகளுக்குள் தங்கிய துருவையும் எண்ணெய்க் கசடையும் இளக்கிவிடுகிறது. அதற்குமேல் ஊறவைத்தால் புளிப்பே கல்லில் புதுத் துருவை உண்டாக்கத் தொடங்கிவிடும் என்பதால் மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்லின் முகம் சாம்பல் நிறமாகத் தெளிந்துவிட்டால் போதும்.

உண்மையான பழக்குதல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஈரம் போகக் கல்லைச் சூடாக்கி, ஒரு துணியில் எண்ணெய் தொட்டு மெல்லத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்கு இன்னொரு துணியால் துடைத்தெடுத்து, மெலிதாகப் புகை எழும் வரை சூடேற்றி ஆறவிட வேண்டும். இதைப் பல முறை திரும்பச் செய்ய வேண்டும். எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பிணைந்து, எண்ணெய் என்ற நிலையை இழந்து, இரும்போடு ஒட்டிய கெட்டியான மென்படலமாக மாறுகின்றன. அந்தப் படலம்தான் தோசையை ஒட்டாமல் விடுகிறது. எண்ணெய் அதிகமானால் படலம் கெட்டிப்படாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். புதுக்கல் ஒட்டுகிறது என்று குறைப்படுபவர்களில் பலருடைய கல்லைத் தொட்டுப் பார்த்தால் இந்தப் பிசுபிசுப்பு இருப்பதைக் காணலாம். தாராளமாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்தால் கல் நன்றாகப் பழகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது கெடுதலையே செய்கிறது.

எந்த எண்ணெய் என்பதிலும் கருத்து வேறுபாடுகள் உண்டு. நான் நல்லெண்ணெயைச் சொல்வேன். அதில் லினோலிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பு அமிலம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இருப்பதால் படலம் நன்றாகப் பிணைகிறது. வீட்டில் எப்போதும் இருப்பது, தோசைக்கும் அதையேதான் விடுகிறோம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது இவ்வேலைக்கு ஏற்றதன்று; நாள்தோறும் தேங்காய் எண்ணெயிலேயே வார்ப்பவர்களும் பழக்குவதற்கு மட்டும் நல்லெண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ எடுத்துக்கொள்வது நல்லது. வெளிநாடுகளில் ஆளி விதை எண்ணெயைப் பெரிதும் புகழ்கிறார்கள். அது மிக விரைவாகக் கெட்டிப்படும் என்பது உண்மை. ஆனால் அந்தப் படலம் செதில் செதிலாக உரிந்து வரும் இயல்புடையது. இரும்புக் கரண்டியால் சுரண்டித் திருப்புகிற தோசைக்கல்லுக்கு அது தாங்காது.

இவ்வளவும் செய்த பின்னும் முதல் தோசைகள் எனக்கு அங்கங்கே ஒட்டின, அடியில் கறுப்புப் புள்ளிகளோடு வந்தன. இது கல்லின் குறையன்று. அடுப்பில் நாம் ஏற்றும் படலம் அடித்தளம் மட்டுமே. ஒவ்வொரு தோசைக்கும் விடும் எண்ணெய் அதன் மேல் அணு அணுவாகச் சேர்ந்துதான் கல் முழுமையடைகிறது. தொடக்கத்தில் மெல்லிய தோசைக்கு ஆசைப்படாமல், தடித்த ஊத்தப்பமும் அடையும் எண்ணெய் கூட்டி வார்ப்பது நல்லது. அவற்றில் தண்ணீர் மெதுவாக வெளியேறுவதால் கல்லும் சூடு மாறாமல் இருக்கிறது, எண்ணெயும் நீண்ட நேரம் முகத்தில் தங்குகிறது. தொடர்ந்து புழங்கும் வீட்டில் ஓரிரு மாதத்தில் முகம் கருமையாகி, பட்டுப் போன்ற மெருகு வந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை வார்ப்பவர் இந்த மெருகைக் காணவே மாட்டார். இரண்டு தோசை நாள்களுக்கு இடையில் சமையலறை ஈரத்தில் கல் மீண்டும் துருப்பிடித்து, பழக்குதல் முதலிலிருந்து தொடங்கும். தொடக்கத்தில் நான் சொன்ன வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான்.

இனி சூடு. இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும், அலுமினியம் பிடித்து வைக்காது என்று எல்லோரும் சொல்கிறோம். எடைக்கு எடை பார்த்தால் உண்மை நேர்மாறானது: ஒரு கிலோ அலுமினியம், ஒரு கிலோ இரும்பைப் போல் இரு மடங்கு வெப்பத்தை ஏற்கும். இரும்புக் கல்லின் பலம் அதன் கனத்தில் இருக்கிறது. இரண்டரை கிலோ இரும்புக் கல்லையும் முக்கால் கிலோ அலுமினிய நான்ஸ்டிக் கல்லையும் ஒரே சூட்டில் வைத்தால், இரும்பில் சேர்ந்திருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு. ஒரு தோசை வேகும்போது மாவிலிருந்து சுமார் முப்பது கிராம் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராமுக்கு 2,260 ஜூல் வீதம் அது மட்டுமே கிட்டத்தட்ட 68,000 ஜூல் வெப்பத்தை விழுங்கும். அடுப்பு தொடர்ந்து சூடு தந்தாலும், மாவு விழுந்த முதல் சில நொடிகளில் செலவாவது கல்லில் சேர்த்து வைத்த வெப்பம்தான். மெல்லிய கல் அந்த நொடியில் வாடிப்போகிறது. தோசை வெந்துவிடும், ஆனால் முறுகாது, வெளிறிப் போகும். கனமான கல் வாடுவதில்லை. பொன்னிறம் ஒரே சீராக ஓரம் வரை வருவது இதனால்தான். உணவகங்களில் விரலளவு தடிமனுள்ள இரும்புத் தகட்டைக் காலை முதல் அணைக்காமல் வைத்திருப்பதன் பயனும் இதுவே.

ஆனால் இரும்பு சூட்டைப் பரப்புவதில் மந்தமானது. அலுமினியம் அதைப் போல் நான்கு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே சின்ன பர்னரில் பெரிய கல்லை வைத்து முழுத் தணலில் சூடேற்றினால், நடுவில் மட்டும் எரிந்து ஓரத்தில் மாவு வேகாமல் நிற்கும். பன்னிரண்டு அங்குலக் கல்லுக்குப் பெரிய பர்னர் வேண்டும். அதிலும் மிதமான தணலில் ஆறேழு நிமிடம் பொறுமையாகக் காயவிட வேண்டும். முதல் தோசை வராது என்ற பழிச்சொல் பெரும்பாலும் இந்தப் பொறுமையின்மையால் வருவது. கல் முழுக்கச் சூடான பிறகு வார்த்தால் முதல் தோசையும் வருகிறது. அவசரமாக அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ புறப்படும் காலையில் இந்த ஆறேழு நிமிடம் ஒரு பாரம்தான், எரிவாயுச் செலவும் அதற்கேற்பக் கூடும். நான்கைந்து பேருக்குத் தொடர்ந்து வார்க்கும்போது அது ஒரு பொருட்டில்லை. ஒருவருக்கு இரண்டு தோசை என்றால் கல்லைக் காயவைக்கும் நேரம், வார்த்துச் சாப்பிடும் நேரத்தை நெருங்கிவிடும்.

தண்ணீர் தெளித்துப் பார்ப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் சோதனை. அதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். தெளித்த நீர் சுறுசுறுவென்று ஓசையிட்டு நின்ற இடத்திலேயே வற்றினால் கல் மாவுக்குத் தயார். துளிகள் முத்துகளாகத் திரண்டு கல் மேல் உருண்டு ஓடினால், சூடு ஏறத்தாழ 200 டிகிரியைத் தொட்டுவிட்டது; துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவி ஒரு மெத்தையாக நிற்பதால்தான் அது வற்றாமல் ஓடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் யோகான் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் இதை விரிவாக எழுதியதால் இவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தச் சூட்டில் மாவை ஊற்றித் தேய்த்தால், மாவு கல்லில் பரவாமல் வெந்து கரண்டியோடு சுருண்டு வரும். உணவகத்தில் தண்ணீரை அள்ளித் தெளித்து ஈர்க்குத் துடைப்பத்தால் வழித்துவிடுவது, முகத்தை மட்டும் சில நொடிகள் குளிர வைத்து மாவை மெல்லியதாக இழுப்பதற்காகவே. அடியில் உள்ள கனத்த இரும்பு அடுத்த நொடியே அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மெல்லிய நான்ஸ்டிக் கல்லில் இதே வித்தையைச் செய்தால் சூடு திரும்பி வர நேரமாகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை உடனே வார்ப்பதும் கல்லைத் தேவையின்றி வாட்டும். அரைமணி நேரம் வெளியே வைத்த மாவில் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது.

வெங்காயம் பற்றிய நம்பிக்கையை ஆர்வத்தோடு சோதித்தேன். பாதியாக அரிந்த வெங்காயத்தைக் கத்தி முனையில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்து வார்த்த தோசைகளும், மடித்த பருத்தித் துணியில் எண்ணெய் தொட்டுத் தடவி வார்த்த தோசைகளும் ஒட்டாமல் வந்ததில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. எண்ணெய் தொடாத வெறும் வெங்காயத்தைத் தேய்த்தபோது பழகாத கல்லில் பயன் மிகக் குறைவு. எண்ணெயை மிக மெல்லியதாக, சீராகப் பரப்புவதுதான் வெங்காயம் செய்யும் பெருவேலை. அதன் சாறு முகத்தின் சூட்டைச் சற்றுத் தணிக்கிறது, முந்தைய தோசையின் பொருக்குகளைத் துடைத்தெடுக்கிறது. மணமும் தனி. ஆகவே வெங்காயம் நல்ல கருவி. பழகாத கல்லை ஒரே நாளில் பழக்கும் மருந்தன்று. கத்தரிக்காய்க் காம்பையும் உருளைக்கிழங்குத் துண்டையும் இதே வேலைக்குப் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. அவையும் நன்றாகவே செய்கின்றன.

சப்பாத்தி பற்றிய எச்சரிக்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சப்பாத்திக்குக் கல்லை எண்ணெயின்றி நீண்ட நேரம் கடும் சூட்டில் வைக்கிறோம். உதிரும் மாவு கருகி, படலத்தின் மேல் தூளாக ஒட்டுகிறது. வெறும் கல் அளவுக்கு மீறிக் காயும்போது படலமும் எரிந்து மெலிகிறது. மறுநாள் தோசை அந்தக் கருகிய தூளைப் பிடித்துக்கொண்டு கிழியும். மூன்று நாள் தோசை வார்த்துச் சேர்த்த மெருகு ஒரு வேளைச் சப்பாத்தியில் குறைந்ததைக் கண்கூடாகப் பார்த்தேன். சப்பாத்திக்கு மெல்லிய இரும்புத் தகட்டுக் கல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது வீண் செலவன்று. வேறு வழியில்லை என்றால், சப்பாத்தி முடிந்ததும் கல்லைத் துடைத்து, எண்ணெய் தடவி ஒருமுறை காயவைத்து எடுத்து வைக்க வேண்டும்.

பராமரிப்பில் சவர்க்காரம் தொடவே கூடாது என்பது மிகை. கெட்டிப்பட்ட படலம் மென்மையான பாத்திரச் சவர்க்காரத்துக்குக் கரையாது. அதைக் கெடுப்பவை புளியும் எலுமிச்சையும் கம்பி நாரும்தான். பித்தளைப் பாத்திரம் துலக்கிய கையோடு தோசைக்கல்லையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டால் மீண்டும் சாம்பல் நிறக் கல்லில்தான் வந்து நிற்போம். அன்றாடம் சூடு ஆறியபின் துணியால் துடைத்தாலே போதும். முட்டை தோசை வார்த்த நாளில் மட்டும் கழுவி, அடுப்பில் காட்டி ஈரத்தை ஓட்டி, துளி எண்ணெய் தடவுகிறேன். கொதிக்கும் கல்லைக் குழாய்க்கு அடியில் பிடிப்பது கூடவே கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் வார்ப்பிரும்பு வெடிக்கும். வெடித்த கல்லைப் பற்றவைத்துச் சமையலுக்குப் பயன்படுத்துவது நடைமுறையில் இயலாத வேலை.

இரும்புக் கல்லில் சமைத்தால் இரும்புச் சத்து கிடைக்கும் என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு கருத்து. இதில் உண்மை இருக்கிறது. புளிப்பும் நீரும் உள்ள உணவு இரும்புப் பாத்திரத்தில் நீண்ட நேரம் கொதித்தால் இரும்பு அதில் கணிசமாக இறங்கும். தோசை மாவு புளித்தது என்றாலும், அது கல்லில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம். நடுவில் எண்ணெய்ப் படலம் வேறு. நன்றாகப் பழகிய கல்லிலிருந்து இறங்கும் இரும்பு, குழம்பு கொதிக்கும் இரும்புச் சட்டியிலிருந்து இறங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இத்தகைய நாட்டில் சிறு அளவும் நல்லதுதான். ஆனால் மருத்துவர் எழுதிய இரும்புச் சத்து மாத்திரைக்கு மாற்றாகத் தோசைக்கல்லை எவரும் எண்ணிவிடக் கூடாது.

நான்ஸ்டிக் கல்லோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. 1938-இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ராய் பிளங்கெட் எதிர்பாராமல் கண்டறிந்த பிளாஸ்டிக்கை, 1950-களில் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் சமையல் பாத்திரத்தில் ஏற்றினார். இன்றும் அடிப்படை அதுவே. எடை குறைவு, எண்ணெய் மிச்சம், முதல் நாளே ஒட்டாத தோசை, கழுவுவது எளிது என்ற அதன் நன்மைகள் உண்மையானவை. முதியவர்களுக்கும் தனியாகச் சமைப்பவர்களுக்கும் அவை பெரிய நன்மைகள். அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், வெறும் கல்லை முழுத் தணலில் மறந்து வைத்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும், அந்தப் புகை வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொல்லக்கூடியது. பூச்சுத் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்னும் வேதிப்பொருளை 2023-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று வகைப்படுத்தியது. முன்னணி நிறுவனங்கள் அதற்கு முன்னரே அதைக் கைவிட்டுவிட்டன. ஆகவே மிதமான சூட்டில், மரக் கரண்டியோடு, பூச்சு உரியாத நிலையில் பயன்படுத்துகிற எவரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. எனக்குள்ள குறை வேறு: சூட்டை ஏற்ற முடியாததால் அதில் முறுகல் அரைகுறையாக வருகிறது, உலோகக் கரண்டி பட்டுச் சில ஆண்டுகளில் பூச்சு தேய்ந்ததும் கல்லையே தூக்கியெறிய வேண்டியிருக்கிறது. இரும்புக் கல் கெட்டாலும் தேய்த்துக் கழுவி மறுபடி பழக்கிவிடலாம்.

பண்டம் வாரியாகச் சொல்வதென்றால், அடைக்கு இந்தக் கல்லுக்கு இணையில்லை. பருப்பு உள்ளே வேக எடுக்கும் நேரம் முழுவதும் சூடு மாறாமல் நிற்பதால், அடியில் கருகாமல் மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் ஒருசேர வருகின்றன. நடுவில் குழி செய்து விடும் எண்ணெய் அங்கேயே நின்று சிவக்கிறது. நெய் ரோஸ்ட் உணவகத்தை நெருங்கி வருகிறது. தணலைக் கூட்டி உயரத்திலிருந்து வீசி ஊற்றும் ரவா தோசையில் வலைக்கண்கள் அழகாக விழுகின்றன, எடுக்கும்போது உடைவதில்லை. மெத்தென்ற கல் தோசைக்கு மட்டும் தணலைப் பாதியில் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் சேர்ந்த சூடே அடியைச் சிவக்க வைத்துவிடும். முட்டை தோசையும் ஆம்லெட்டும் கல் நன்றாகப் பழகிய பிறகே.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று கிலோவை ஒரு கையால் தூக்க முடியாது. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இதை அடுப்பிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வழியிருந்தால் மட்டும் வாங்கலாம். வார்ப்பில் சேர்ந்த காதுகள் கல்லோடு சேர்ந்து கொதிப்பதால் பிடிதுணி எப்போதும் கையருகே இருக்க வேண்டும். கைதவறிக் கீழே விழுந்தால் தரை ஓடும் உடையும், கல்லும் உடையும். இண்டக்‌ஷன் அடுப்பில் இந்த இரும்பு வேலை செய்யும், ஆனால் சுருளுக்கு மேல் உள்ள பகுதி மட்டும் விரைவாகக் காய்வதால் குறைந்த அளவில் வைத்து மெதுவாகச் சூடேற்றியாக வேண்டும். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். அப்படியும் பன்னிரண்டு அங்குலக் கல்லில் ஓரம் வேகவில்லை. இண்டக்‌ஷன் மட்டுமே உள்ள வீட்டுக்குப் பத்து அங்குலக் கல் போதும்.

எரிவாயு அடுப்பில் பெரிய பர்னர் இருக்கிற, அடிக்கடி தோசை வார்க்கிற குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இது: பன்னிரண்டு அங்குலம், தட்டை அடி, 2.6 கிலோவுக்குக் குறையாத எடை, கடைசல் வரி நெருக்கமான முகம், தட்டினால் நின்று ஒலிக்கும் வார்ப்பு. பழக்கியது என்ற வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு லிட்டர் நல்ல செக்கு நல்லெண்ணெயும், ஓரம் கூராக இல்லாத ஓர் இரும்புத் தோசைத் திருப்பியும் வாங்கிக்கொள்ளலாம்.